சீர் கேட்ட நாற்காலி

என் மகன் கல்யாணத்தை ஒரு நாற்காலி நிறுத்தப் பார்த்தது.

வழக்கமாக இந்தப் பத்தியில் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இந்த வாரம் அதற்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது.

ஆசிரியை வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு எனக்கு ஒரு வியாதி வந்தது. போனில் வீடியோ பார்க்கும் வியாதி. எந்த ஊரோ தெரியாது, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி செகண்ட் ஹேண்ட் கடையில் ஒரு மேஜை வாங்குவாள். பெயின்ட் அடிப்பாள். பிறகு அதையே தேய்த்து உரிப்பாள். மேலே பழுப்பாக எதையோ பூசித் துடைப்பாள். பத்தே நிமிஷத்தில் அது ஏதோ அரண்மனையில் நூறு வருஷம் கிடந்த மேஜை மாதிரி ஆகிவிடும். விண்டேஜ் லுக் என்று அதற்குப் பெயர்.

அந்த வெள்ளைக்காரியால் முடியும்போது விளாங்குடிக்காரியால் முடியாதா?

காளவாசல் பக்கம் ஒரு சந்துக்குள் பழைய சாமான் கடை இருக்கிறது. அங்கே கை வைத்த மர நாற்காலி ஒன்று, கால் ஆடும் டீப்பாய் ஒன்று, கண்ணாடி இல்லாத கண்ணாடிச் சட்டம் ஒன்று... மூன்றையும் எடுத்து வைத்தேன். கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

"அக்கா, அந்தச் சேரை கடலை வறுக்குற அண்ணே ஒருத்தர் வெறகுக்குக் கேட்டிருந்தாரு. நீங்க கேக்குறதால தாரேன்."

விறகை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மாதம் மொட்டை மாடிதான் என் வீடு. முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு பழுப்பில் ஒரு கோட். ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, மேலே இளம் பச்சையில் இன்னொரு கோட். காய்ந்ததும் மறுபடி உப்புத்தாள். மெழுகு பட்ட இடமெல்லாம் உரிந்து வரும், அதுதான் அழகு. கடைசியில் கிளேஸ். பார்க்க நம் காபி டிகாஷன் மாதிரியே இருக்கும். பூசிவிட்டுத் துணியால் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் தங்கி, பல வருஷத்து அழுக்கு மாதிரி தெரியும். அதற்கு மேல் வார்னிஷ் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காய விட வேண்டும். இல்லையென்றால் கையில் ஒட்டும்.

என் வீட்டுக்காரர் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டு, தொடைக்காம விட்டிருந்தாலே இப்படி ஆயிருக்குமே?"

ரசனை இல்லாதவரோடு முப்பத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்துகிறேன். பழகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் மகன் அருண் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். பெண் பெயர் கயல். பிசியோதெரபிஸ்ட். கீழக்குயில்குடியில் விவசாயக் குடும்பம். எங்களுக்குச் சந்தோஷம்தான். பெண் வீட்டுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன், சீர்வரிசை என்று ஒரு கரண்டிகூட வரக்கூடாது என்று. அதற்கு ரொம்ப முன்பே, மகனுக்குச் சீர் வாங்க மாட்டேன் என்று இதே பத்தியில் எழுதியும் இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் எல்லாம் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தீர்கள். நானும் இரண்டு வாரம் தரையில் கால் படாமல்தான் நடந்தேன்.

அவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். கயலின் அப்பா தங்கராசு, அம்மா பாண்டியம்மாள், இரண்டே பேர். வெள்ளை வேட்டி சட்டையில் வந்தவரை நான் எங்கே உட்கார வைப்பேன்? என் கைவேலையின் உச்சம் எதுவோ அதில்தானே? "இதுல உக்காருங்க" என்று அந்தப் பச்சை நாற்காலியைக் காட்டினேன்.

அவர் நாற்காலியை ஒரு முறை பார்த்தார். நுனியில் உட்கார்ந்தார். கைப்பிடியில் பெயின்ட் உரிந்த இடத்தை விரலால் மெதுவாகத் தடவினார். இதோ கேட்கப் போகிறார், யார் செய்தது என்று கேட்கப் போகிறார்... நான் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பாண்டியம்மாள் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். டீப்பாயைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

எலும்புக் குழம்பு, சுக்கா, மீன் வறுவல் என்று காலையிலிருந்து சமைத்து வைத்திருந்தேன். காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

"இன்னொரு நாளைக்கு வந்து சாப்பிடுறோம்மா."

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் எல்லாம் ஒத்து வந்தால்தான் கை நனைப்பார்கள். சாப்பிடாமல் எழுந்தால் யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். என்ன யோசனை? பையனுக்கு என்ன குறை? சுக்காவை மூன்று நாள் சூடு பண்ணிச் சாப்பிட்டோம். அருண் மட்டும் தொடவில்லை.

நான்காம் நாள் தங்கராசு போன் செய்தார்.

"அம்மா, கட்டில், பீரோ, சோபா செட்டு, டைனிங் டேபிள் எல்லாம் தேக்குலயே சொல்லியாச்சு. எந்தக் கலருன்னு மட்டும் நீங்க சொல்லிட்டா நல்லாருக்கும்."

"எதுக்குண்ணே அதெல்லாம்? நாங்கதான் ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டோமே."

 அவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"நீங்க பெரிய மனுசங்க, வாயைத் தொறந்து கேக்க மாட்டீங்க. நாங்க கண்ணால பாத்துப் புரிஞ்சுக்கிட்டோம்மா."

போனை வைத்த பிறகும் அது என் காதை விட்டுப் போகவில்லை. கண்ணால் எதைப் பார்த்தார்? ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். நடு ஹாலில் அந்த நாற்காலி, பெயின்ட் உரிந்து, இடுக்கெல்லாம் அழுக்கு தெரிய, அசல் விண்டேஜாக நின்றுகொண்டிருந்தது.

இப்போது நான் உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எனக்குக் கல்யாணம் பேச என் அப்பா இந்த வீட்டுக்கு வந்தபோது, அவரை ஒரு வயர் சேரில் உட்கார வைத்தார்கள். நடுவில் நாலைந்து வயர் அறுந்த சேர். உள்ளே நல்ல நாற்காலிகள் இருந்தன என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யுறதைச் செய்யுங்க" என்று என் மாமனார் சொன்னாராம். அப்பா அறுந்த வயரில் அமிழ்ந்தபடியே தலையாட்டிவிட்டு வந்தார். கல்யாணத்துக்கு சோபா செட் வந்தது. என்னைப் பார்க்க எத்தனையோ முறை வந்த அப்பா, சாகும் வரைக்கும் ஒரு தடவைகூட அந்த சோபாவில் உட்காரவில்லை. தரையில்தான் உட்காருவார். "இடுப்புக்கு இதுதான் நல்லதும்மா" என்பார்.

அதே வீடு. அதே ஹால். இன்னொரு பெண்ணின் அப்பாவை நானே அழைத்து, நானே காட்டி, அப்படி ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன். என் மாமனாருக்காவது ஒரு அறுந்த சேர் தயாராக இருந்தது. நான் ஒரு மாதம் மாடியில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, உரித்து உரித்துத் தயார் செய்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

அன்று சாயங்காலம் அருண் அடுத்த இடியை இறக்கினான்.

"கயல் கல்யாணம் வேணாங்குதும்மா. 'உங்கம்மா எழுதுனதைப் படிச்சிட்டுத்தான் எங்க வீட்ல பேசவே எனக்குத் தைரியம் வந்துச்சு. பேப்பர்ல ஒண்ணு, வீட்ல ஒண்ணா?'ன்னு கேக்குது. நான் என்ன சொல்ல?"

அவன் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அறைக்குள் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் வீட்டுக்காரரும் கீழக்குயில்குடிக்குப் போனோம். கையில் பழம், பூ எல்லாம் இல்லை. ஒரு பெரிய கட்டைப் பை. அதற்குள் பெயின்ட் டப்பா, பிரஷ், உப்புத்தாள், மெழுகுவர்த்தி, கிளேஸ், பழைய துணி. வீட்டுக்காரர் கையில் எங்கள் சமையலறையின் புத்தம் புது மர ஸ்டூல்.

மலை அடிவாரத்தில் சின்னதாக, சுத்தமாக ஒரு வீடு. வாங்க என்றார்கள். தண்ணீர் தந்தார்கள். அவ்வளவுதான். கயல் நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

முதலில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். போனை எடுத்து, அந்த நாற்காலி கடையில் கிடந்தபோது எடுத்த போட்டோவைக் காட்டினேன். எப்படி இருந்ததை எப்படி ஆக்கியிருக்கிறேன் என்று புரியட்டுமே.

பாண்டியம்மாள் போட்டோவை உற்றுப் பார்த்தார்.

"அடியாத்தி... இது பழைய இரும்புக் கடைச் சாமானா? வீட்டுக்கு வந்த மனுசனை அதுலயா உக்கார வச்சீங்க?"

குற்றத்தைவிட விளக்கம் மோசமாகப் போய்விட்டது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பேச்சு இனி உதவாது என்று தெரிந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தேன். ஸ்டூலைத் தேய்த்தேன். பெயின்ட் அடித்தேன். வெயிலில் சீக்கிரமே காய்ந்தது. மெழுகு தேய்த்து, மேலே பச்சை அடித்து, அதுவும் காய்ந்ததும் மறுபடி தேய்த்து உரித்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடைசியில் கிளேஸைப் பூசித் துடைத்து நிமிர்ந்தேன். எனக்கு மூச்சு வாங்கியது.

பாண்டியம்மாள் குனிந்து ஸ்டூலைப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லா இருந்த ஸ்டூலு. இம்புட்டு நேரம் பாடுபட்டு... இதை அழுக்காக்கத்தானா?"

"ஆமா மதினி. அதைத்தான் ஒரு மாசமா செஞ்சுக்கிட்டு இருந்தேன்."

முதலில் சிரித்தது கயல்தான். அடக்கப் பார்த்து, முடியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"எப்பா, பொய் சொல்றவங்க இம்புட்டுக் கிறுக்குத்தனமா ஒண்ணை யோசிக்க முடியாதுப்பா. நெசமாத்தான் இருக்கும்."

தங்கராசுவுக்கும் சிரிப்பு முட்டியது. "நான் கறையான் அரிச்சிருச்சுன்னு நெனச்சேன்" என்றார். "புள்ள போய் அங்க எப்படி இருக்கும்னு பாத்துட்டு வந்ததுலருந்து தூக்கமில்ல. மருந்தடிக்க ஆளுகூடக் கேட்டு வச்சிருக்கேன்."

அப்போது அவரிடம் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அறுந்த வயர், சோபா, தரை... எல்லாவற்றையும். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நடந்தது அவருக்கும் தெரியும்தானே. "தெரியாம நடந்தாலும் தப்பு தப்புதாண்ணே. என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

தங்கராசு மனைவி பக்கம் திரும்பினார். 

"பாண்டியம்மா, இலையைப் போடு. தங்கச்சி கை நனைக்காமப் போகக் கூடாது."

அதுவரை 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். பெயின்ட் அப்பிய கையோடு அந்த ஒரு வார்த்தையைக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. மரச்சாமான் கடைக்கு அங்கேயே போன் போட்டு, எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொன்னார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் புத்தி வந்தால்தானே?

போன வாரம் அவர்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நாற்காலியை மாடிக்கு ஏற்றிவிடலாம் என்றார் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. இப்போதுதான் அவர்களுக்கு விஷயம் தெரியுமே, வந்து ரசிக்கட்டுமே? கைப்பிடியும் சீட்டும் கொஞ்சம் வெளிறினாற்போல் தெரிந்தது. காலையில் அவசரமாக இன்னொரு கை கிளேஸ் பூசித் துடைத்தேன். வார்னிஷுக்கு நேரமில்லை. சோபாவில் உட்கார வைத்துக்கொள்ளலாம், நாற்காலி சும்மா பார்வைக்கு இருக்கட்டும் என்று கணக்குப் போட்டேன்.

தங்கராசு உள்ளே வந்தார். நான் சோபாவைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே நேராகப் போய் அந்தப் பச்சை நாற்காலியில், இந்தத் தடவை நன்றாகச் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"நமக்கு இதுதான் தங்கச்சி தோது" என்றார்.

எழுந்திருங்கள் என்று எப்படிச் சொல்வேன்? அந்த நாற்காலியில் அவர் மனசார உட்கார வேண்டும் என்றுதானே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருவில் உட்கார்ந்து ஸ்டூல் தேய்த்தேன்? வாயை மூடிக்கொண்டு இலை போட்டேன். இரண்டு தரம் சுக்கா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வாசலில் விடைபெற்று அவர் திரும்பியபோது, பின்னால் நின்ற நாங்கள் எல்லாரும் பார்த்தோம். யாரும் மூச்சுவிடவில்லை. பாண்டியம்மாள் மட்டும் என் கையைக் கிள்ளிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

சீர் வாங்க மாட்டேன் என்றுதானே எழுதியிருந்தேன்? கொடுக்க மாட்டேன் என்று எழுதவில்லை. வெள்ளை வேட்டியில், அகலமாக, அசல் விண்டேஜ் பழுப்பில் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.