ஈசானிய மூலைத் தண்ணீர்

பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று நான் வாசித்த புத்தகங்கள், மற்றது வீட்டு போர்வெல் தண்ணீர். முதலாவதைக் கேட்டு யாரும் வந்ததில்லை. தண்ணீருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆள் வந்தது.

வாஸ்துவை நம்பாதவன் என்று ராஜபாளையம் முழுக்கச் சொல்லித் திரிந்த நான், வீடு கட்டும்போது வாஸ்துக்காரர் காட்டிய ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில்தான் போர் போட்டேன். கேட்டவர்களிடம் "வீட்டம்மா நிம்மதிக்காக" என்றேன். தண்ணீரில் ஒரு கனம், ஒரு ருசி. மலையடிவார ஊற்று என்று விருந்தாளிகளுக்கு விளக்குவேன். நிலவியல் புத்தகம் ஒன்றைப் பாதிவரை படித்திருந்தேன் அல்லவா.

கொழுந்தியாள் மகள் வளைகாப்பு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்காக என் சகலை பைக்கில் வந்து கேன் கேனாகத் தண்ணீர் எடுத்துப்போவார். கொஞ்ச நாளில் அவளுக்கு வயிற்றுப்போக்கு. புளிசாதம், மாங்காய், கண்ணேறு எல்லாவற்றின் மேலும் பழி போட்டாயிற்று.

"வேற ஒண்ணும் குடுக்கல அத்தான். ஒங்க வீட்டுத் தண்ணியத்தான் நெறையக் குடுக்கேன்," என்றாள் கொழுந்தியாள் போனில்.

"நல்லாக் குடு," என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

மறுநாள் காலை கிழக்கு வீட்டுக்காரர் கார் ஷெட் போடுவதற்காக, தன் மனையின் வடமேற்கு மூலையில் செப்டிக் டேங்க் மூடியைப் பெயர்த்தார். சத்தம் கேட்டு காம்பவுண்ட் சுவரில் எட்டிப் பார்த்தேன்.

"வாங்க, வந்து பாருங்க. வீடு கட்டுன நாள்ல இருந்து லாரி கூப்பிட்டு அள்ளுனதே கெடையாது. கால்வாசிகூட நெறையல," என்றார்.

"அது எப்படி?"

"அடியில காங்கிரீட்டே போடலைல்லா! மேஸ்திரி கில்லாடி. வெறும் மண்ணு. அம்புட்டையும் உறிஞ்சிரும்."

"உறிஞ்சி?"

"உறிஞ்சி எங்கயோ போகுது. நமக்கென்ன?"

சிரித்தார். நானும் பல்லைக் காட்டிவிட்டுக் குனிந்தேன். என் மூக்குக்கு நேர் கீழே, சுவரின் இந்தப் பக்கம், என் போர் குழாய்.

செப்டிக் டேங்க் வடமேற்கில், போர் வடகிழக்கில். அவரும் வாஸ்து பிசகவில்லை, நானும் பிசகவில்லை. எங்கள் தெருவில் யாருமே பிசகவில்லை. ஆனால் அவருடைய வடமேற்கும் என் வடகிழக்கும் ஒரே சுவருக்கு இரு பக்கம் என்பதை, திசைகளைக் கரைத்துக் குடித்த ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தக் கனம். அந்த ருசி.

அப்புறம்தான் கேன் ஞாபகம் வந்தது. சகலை விடிந்ததுமே வந்து எடுத்துப் போயிருந்தார். போன் அடித்தேன். எடுக்கவில்லை. பைக்கை எடுத்தேன்.

நான் போய் நுழைந்தபோது, படுத்திருந்த மகளின் பக்கத்தில் கொழுந்தியாள் செம்போடு நின்றாள். பாய்ந்து பிடுங்கினேன்.

"என்ன அத்தான், குடுத்த தண்ணியத் திரும்பப் பிடுங்குறீக?"

சொன்னேன். வாய் கொள்ளாமல் வார்த்தை வைத்திருப்பவனுக்கு, அன்று 'கக்கூஸ்' என்ற ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. மகள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். வறண்ட உதட்டோடு சிரித்தாள்.

"பெரியப்பாவுக்கு எப்பவும் வெளையாட்டுத்தான்."

"வெளையாட்டு இல்லம்மா."

என்னை உற்றுப் பார்த்தாள். நான் கேலி இல்லாமல் பேசி அவள் பார்த்ததே இல்லை. சிரிப்பு நின்றது. கை தானாக வயிற்றுக்குப் போனது. சகலை ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். காங்கிரீட் இல்லாத டேங்க் கதையை டாக்டரம்மாவிடம் முழுசாகச் சொல்லிவிட்டு, திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மெஷினில் சிசுவின் இதயத்துடிப்பு தடதடவென்று கேட்டது.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. தாய்க்கு உடம்புல தண்ணியே இல்ல. தேறுற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்," என்றார் டாக்டரம்மா.

கொஞ்ச நேரம் கழித்து மகள் கூப்பிட்டாள். போனேன்.

"பெரியப்பா, ஒங்க வீட்டு செப்டிக் டேங்க்குல அடியில காங்கிரீட் போட்டிருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். நாங்களும் லாரி கூப்பிட்டதே இல்லை. எங்கள் டேங்க் இருக்கும் வடமேற்கு மூலைக்கு அந்தப் பக்கம் மேற்கு வீட்டுக்காரரின் போர். அவருடைய நம்பரைத் தேடிக்கொண்டே வராந்தாவுக்கு வந்தேன்.