வெயில் பட்ட போத்தல்கள்

மகளின் திருமணத்தில் குலசிங்கம் செய்வதற்கென்று எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மண்டபத்தை மாப்பிள்ளை வீட்டார் பிடித்துவிட்டனர். மணவறையையும் மேளத்தையும் மனைவி தவநாயகி பேசி முடித்திருந்தாள். லண்டன் நிலக்கீழ் ரயில் ஓட்டி, ஷிப்ட் மாறி மாறி வீடு திரும்பும் தகப்பனிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாலை மகள் கௌசி மட்டும் அருகே வந்தமர்ந்து, வரவேற்பு விருந்தில் தன் தோழர்களுக்கு அப்பா வீட்டில் காய்ச்சும் பேல் ஏல் பியர்தான் வேண்டும் என்றாள். அதன் பொன்னிறம் மேசையில் தெரியவேண்டும், ஆகையால் நிறமற்ற கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள் என்றும் சொன்னாள்.

ஒளி அதற்கு ஆகாது என்பதை அவர் அறிவார். பழுப்புப் போத்தலே முறை. ஆயினும் மகள் கேட்ட ஒன்றை மறுக்க மனம் ஒப்பவில்லை. மாடிப்படியின் கீழுள்ள அலுமாரி இருண்டது, குளிர்ந்தது. அங்கிருக்கும்வரை பயமில்லை என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

அப்பானத்துக்கு இளமையும் ஆகாது, முதுமையும் ஆகாது. முந்திக் குடித்தால் புளிப்பு மாவின் வாடை வீசும். பிந்தினால் ஹொப்ஸ் பூவின் நறுமணம் விடைபெற்றுப் போய்விடும். எனவே மணநாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, சித்திரைக் கடைசியில் காய்ச்சி, வைகாசி நடுவில் அடைத்தார். ஈஸ்ட் ஹாமில் மதுவும் விற்கும் கடை வைத்திருக்கும் மைத்துனன், தவநாயகியின் தம்பி பிரதாபன், கேலி செய்யாமல் விடவில்லை.

"அத்தான், ஐயர் பொம்பிளைக்குப் பார்த்த முகூர்த்தத்தைவிட நீங்கள் பியருக்குப் பார்த்த முகூர்த்தம் திறம்."

ஆனி பிறந்ததும் ஒரு போத்தலைத் திறந்து பார்த்தார். தோடம்பழத்தின் செம்மஞ்சள் தோலைக் கிள்ளியதுபோல் மணம் எழுந்தது. அன்று அவர் நெஞ்சு நிறைந்து உறங்கினார்.

திருமண வாரத்தில் பலகாரம் சுடப் பெண்கள் கூடினார்கள். ஆர்ச்வே முருகன் கோயிலில் மாலை கட்டும் பெண்களும் அவர்களுள் இருந்தனர். மாவும் பொரிக்கும் தாச்சியும் இருந்தது அதே அலுமாரியில். அவர்கள் கண்ணில் மதுப்போத்தல்கள் பட்டால் என்ன நினைப்பார்கள் என்று கூசிய தவநாயகி, முதல்நாளே அத்தனையையும் தனியாளாய்ச் சுமந்து, வீட்டின் பின்புறக் கண்ணாடி அறையில் அடுக்கிவிட்டாள். குலசிங்கம் அவ்வாரம் முழுதும் வைகறை ஷிப்டில் இருந்தார். லண்டனில் அரிதாய் வாய்க்கும் வெயில் நாள்தோறும் காய்ந்தது. கலியாணத்துக்கு மழையில்லை என்று ஊரே மகிழ்ந்தது, அவரும் மகிழ்ந்தார்.

மணநாளுக்கு முதல்நாள் அலுமாரியைத் திறந்தபோது உள்ளே பலகார டின்களே இருந்தன. தேடிச் சென்ற கண்ணாடி அறையில் போத்தல்கள் விளக்கேற்றியதுபோல் ஒளிர்ந்துகொண்டு நின்றன. ஒன்றைத் திறந்தார். அழுகிய வெங்காய நெடி முகத்தில் அறைந்தது. இன்னொன்றைத் திறந்தார், அதுவும் அவ்வாறே. மீண்டும் காய்ச்ச நாளில்லை. போன மணத்தை அழைத்துவர வழியுமில்லை.

தவநாயகி வாசலில் நின்றாள்.

"பழுதாப் போச்சோ?"

"ஓம்."

"வெயில் படுமெண்டு நினைக்கேல்லையப்பா. சனம் பார்க்குமெண்டுதான் நினைச்சனான்."

ஏச வாயெடுத்தவர் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். அந்தக் கண்ணாடியைத் தெரிந்தெடுத்தவர் அவர்தாம். மகளிடம் தாமே சொல்வதாகக் கூறி மாடிப்படி ஏறினார். மருதாணி காயாத கைகளை விரித்தபடி கௌசி தோழியரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பாதிப் படியிலேயே திரும்பிவிட்டார். கீழே தவநாயகி தம்பியோடு தொலைபேசியில் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வரவேற்பில், ரிப்பன் கட்டிய கண்ணாடிச் சாடிகளில் பொன்னிறம் ததும்பியது. மேசையில் 'அப்பாவின் பியர்' என்று கௌசி எழுதிய பலகை. அருகே சென்று ஒரு மிடறு குடித்தார். குற்றமில்லாத, குளிர்ந்த, கடைப் பியர். பிரதாபனைப் பார்த்தார், அவன் மண்டபத்தின் கூரையைப் பார்த்தான். மதுவின் பெயரைக்கூட நாவில் எடுக்காத தவநாயகி, குனிந்து சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மகளின் தோழர்கள் வரிசையாய் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். எவ்வாறு காய்ச்சினீர்கள் என்று ஒருவன் கேட்டான். அவர் முளைகட்டிய பார்லியைப் பற்றி ஏதோ சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் அவருக்கே அந்நியமாய்க் கேட்டது.

கௌசி வெறுங்கிளாசோடு வந்து நின்றாள்.

"அப்பா, நீங்கள் காய்ச்சினதிலேயே இதுதான் திறம்."

"ஓம் பிள்ளை," என்றார்.

அவள் கிளாசை நீட்டினாள். அவர் சாடியை எடுத்து, நுரை வழியாமல், நிதானமாக ஊற்றினார்.