பவுசர் மாக்கஸ் குழாயை விட்டு விலகிய காலை

1203. பெற்றோல் பவுசர் என்னும் தாங்கி லொறியின் நான்கு பக்கமும் சிவப்புச் சாய்சதுரப் பலகையில் எழுதியிருக்கும் எண் இது. உள்ளே இருப்பது பெற்றோல், யோசித்துக் கிட்ட வா என்று தீயணைப்புப் படைக்குச் சொல்லும் எண். மாக்கஸ் பத்தொன்பது வருடம் இந்த எண்ணைச் சுமந்துகொண்டு ரொறன்ரோ முழுவதும் ஓடினார். அவர் பூசைக்குப் போகும் கோயிலில் மூன்று மாக்கஸ்கள். வீடு விற்பவர் றியல் எஸ்ரேற் மாக்கஸ், பாடகர் குழுவில் வாசிப்பவர் கீபோட் மாக்கஸ், இவர் பவுசர் மாக்கஸ். மனைவி அன்ரனெற் சில காலம் அந்த எண்ணை லொத்தரிலும் போட்டுப் பார்த்தார். விழவில்லை.

மாக்கஸுக்கு அறுபத்தொரு வயது. மன்னார் பேசாலையில் பிறந்தவர். சென் ஜேம்ஸ் ரவுணில் நான்கு பேரோடு ஒரே அறையில் படுத்தெழும்பி, உணவகங்களில் கோப்பை கழுவி, பீட்சா கொண்டுபோய்க் கொடுத்து, கடைசியில் பெரிய லொறி ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்தார். இப்போது மல்வேர்னில் ஒரு ரவுண்ஹவுஸ். மகள் கரோலின் கல்யாணம் முடித்து கல்கரிக்குப் போய்விட்டாள்.

பெற்றோல் ஏற்றுகிறவர்களுக்கு மற்ற லொறிக்காரரைவிடச் சட்டம் அதிகம். ஆபத்தான பொருளைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும், அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். எத்தனை மணித்தியாலம் ஓட்டலாம், எத்தனை மணித்தியாலம் படுக்க வேண்டும் என்பதை லொறியில் பூட்டியிருக்கும் கருவி பார்த்துக்கொள்ளும். அதோடு வாக்குவாதப்பட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: கடையின் நிலத்தடித் தாங்கிக்குள் பெற்றோல் இறங்கும்போது சாரதி குழாயை விட்டு விலகக் கூடாது. வால்வை எட்டி மூடக்கூடிய இடத்தில், கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் மூத்திரம் முட்டினாலும் நிற்க வேண்டும்.

மாக்கஸ் நின்றார். பெருமைக்காக அல்ல, அன்ரனெற்றின் கைகளுக்காக. இறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலைக் குளிரில் வருடக்கணக்காக நின்ற அந்தக் கைகள் முடக்குவாதத்தில் மடங்கிவிட்டன. இரண்டு கிழமைக்கு ஓர் ஊசி போட்டால் அன்ரனெற் தேத்தண்ணிக் கோப்பையைத் தானே பிடிப்பார். போடாவிட்டால் சட்டைப் பொத்தானை மாக்கஸ்தான் பூட்டிவிட வேண்டும். அந்த ஊசி மாக்கஸின் கொம்பனி இன்சூரன்ஸில் வந்தது. கைக்காசில் வாங்கக்கூடிய மருந்தல்ல. அறுபத்தைந்து வயதானால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். அன்ரனெற்றுக்கு அறுபது. ஆகவே மாக்கஸ் இன்னும் ஐந்து வருடம் பவுசரை விடக் கூடாது. அந்த வீட்டில் இருந்த திட்டம் அது ஒன்றுதான்.

அவர் பெற்றோல் இறக்கும் இடங்களில் ஒன்று, மாக்கம் வீதியில் இராஜரட்ணம் நடத்தும் காஸ் ஸ்ரேசன். நான்கு பம்புகள், பின்னால் ஒரு சின்னக் கடை. கடையில் பால், சிகரெட், லொத்தர், கார்க் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர், சூடாக்கும் பெட்டிக்குள் இராஜரட்ணத்தின் மனைவி மங்கையற்கரசி செய்த மட்டன் றோல்.

"பெற்றோலிலை எனக்கு ஒண்டும் மிஞ்சாது ஐசே," என்பார் இராஜரட்ணம். "பெற்றோலுக்கு நிக்கிறவன் உள்ளுக்கு வந்து ஏதாவது வாங்கினால்தான் எனக்குச் சோறு."

பவுசர் வந்து நின்றதும் மங்கையற்கரசி தேத்தண்ணியோடு வெளியே வருவார். மாக்கஸ் தன்னைச் சுற்றி வைத்திருக்கும் செம்மஞ்சள் கோன்களுக்கு அப்பால் நின்று கோப்பையை நீட்டுவார். உள்ளே வா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"உள்ளுக்கு வந்து இருந்து குடிக்கச் சொல்லுமன்," என்று கதவடியிலிருந்து இராஜரட்ணம் குரல் கொடுப்பார்.

"அந்தாள் உங்களைப் போலக் கதிரை தேடுற ஆளில்லை," என்பார் மங்கையற்கரசி. பிறகு மாக்கஸிடம், "தம்பி, சீனி காணுமோ?"

"காணும் அக்கா."

"டொக்டர் குறைக்கச் சொன்னவர் எண்டு சொன்னீர். குறைச்சுத்தான் போட்டனான்."

"அது நாக்குக்குத் தெரியுது அக்கா."

மங்கையற்கரசி ஒக்ரோபரில் இறந்தார். காலையில் றோலுக்கு மா குழைத்தவர், பின்னேரம் இல்லை. நன்றியறிதல் நாளை ஒட்டிய நீண்ட வார இறுதி அது. ரொறன்ரோவில் பாதிச் சனம் வடக்கே வெளிக்கிடும், வெளிக்கிடுகிற ஒவ்வொரு காரும் தாங்கியை நிரப்பும். பவுசர்காரருக்கு லீவு கிடைக்காத நாட்கள். உடலைப் பார்வைக்கு வைத்த மாலை மாக்கஸ் வேலை முடித்து வரும்போது மண்டபம் பூட்டியாயிற்று. கிரியை நடந்த காலை அவர் கீல் வீதிப் பக்கம் பவுசருக்குப் பெற்றோல் நிரப்பும் எண்ணெய்க் குதத்தில் வரிசையில் நின்றார். எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கும் போகவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் போகவில்லை. அன்ரனெற் பஸ் பிடித்துப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தார். அது கணக்கில் சேரவில்லை. கல்யாண வீட்டுக்கு வராதவனை இராஜரட்ணம் ஒரு கிழமையில் மறந்துவிடுவார். செத்த வீட்டுக்கு வராதவனை மறக்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

கிரியைக்குப் பிந்திய அந்த ஒரு மாதமும் மாக்கஸ் பெற்றோல் இறக்கப் போனால் இராஜரட்ணம் வெளியே வருவதில்லை. முகம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். தேத்தண்ணியும் இல்லை.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் காலை அவர் வெளியே வந்தார். புதிதாகச் சவரம் செய்த முகம் சின்னதாகப் போயிருந்தது. கோன்களுக்கு அப்பால் நிற்கவில்லை. அவற்றைத் தாண்டி, பெற்றோல் இறங்கிக்கொண்டிருந்த குழாயடிக்கே வந்தார்.

"நீர் வரமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும்," என்றார்.

"அண்ணை, வேலை. உங்களுக்குத் தெரியாததே?"

"வேலை, ஓம். அவள் உமக்கு எத்தினை வருசம் தேத்தண்ணி ஊத்தினவள்? பனிக்குள்ளை வந்து நிண்டு தந்தவள். படம் உள்ளுக்கு இருக்கு. ஒரு பூ வைச்சிட்டு வாரும். அதுக்கும் சட்டம் இருக்கோ?"

"இறங்கி முடியட்டும் அண்ணை. வாறன்."

"முடிஞ்ச உடனை அடுத்த கடைக்கு ஓடிடுவீர். எனக்கு உம்மைத் தெரியாதே?"

அது உண்மை. அடுத்த கடை பிக்கறிங்கில் காத்திருந்தது, லொறிக்குள் கருவி நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது. மாக்கஸ் குழாயைப் பார்த்தார். தாங்கி வாயோடு அதை இணைக்கும் பூட்டு இறுக்கமாக இருந்தது. காலை நெரிசல் முடிந்து பம்படியில் ஒரு காரும் இல்லை. இராஜரட்ணம் திரும்பிப் போய்க் கடைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

மாக்கஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

படம் கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. காஸ் ஸ்ரேசனில் நெருப்பு வைக்கக் கூடாது என்பதால் முன்னால் பற்றரி விளக்கு. தட்டில் சுப்பர்மார்க்கெற்றில் வாங்கிய வெள்ளைப் பூக்கள். மாக்கஸ் ஒன்றை எடுத்து வைத்தார். சிலுவை அடையாளம் போட்டார். ஒரு அருள்நிறை மரியே பாதி வரை போயிருக்கும். வெளியே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது.

ரயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்துக்கு வழி தேடிய வெள்ளை வான் ஒன்று, கோனைத் தள்ளிக்கொண்டு குழாயின் மேல் ஏறியிருந்தது. தாங்கி வாயில் இருந்த பூட்டுக் கழன்றுவிட்டது. மாக்கஸ் ஓடி வந்து வால்வை மூடியபோது தார்நிலம் கறுப்பாக நனைந்து, பெற்றோல் வீதியோர மழைநீர்க் கானைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. வானுக்குள் ஒரு தாய். பின் சீற்றில் இரண்டு பிள்ளைகள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சாவியைத் திருப்பச் சொல்லி மாக்கஸ் கையால் காட்டினார்.

தீப்பிடிக்கவில்லை. அன்று நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான். தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கிய பெண் முதலில் பலகையின் எண்ணைப் பார்த்தார், பிறகு மாக்கஸைப் பார்த்தார். கானுக்குள் எவ்வளவு போனது என்று பார்க்க வேறு ஆட்கள் வந்தார்கள். மாக்கஸ் அன்று மாலையே கொம்பனிக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். படம், பூ, செபம் எல்லாம் அதில் இருந்தன.

மூன்று நாள் கழித்து கொம்பனியின் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். பெயர் றெபேக்கா. யூனியன்வில்லில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. சாரதிகளில் வயதானவர்களை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்.

"இருங்கோ அங்கிள். ஸ்ரேசன் ஓனர் அடுத்த நாள் காலமை கோல் பண்ணினவர். அவர் ஃபெயின்ற் பண்ணி விழுந்தவராம். நீங்கள் ஹெல்ப் பண்ண ஓடினீங்களாம். அப்பிடி எண்டால் அது எமேர்ஜென்சி. தற்ஸ் டிஃபரன்ற்."

மாக்கஸுக்கு இது புதுச் செய்தி. ஒரு கணம் அந்தக் கதை அவர் முன்னால் திறந்த கதவு போல நின்றது. ஓம் என்று ஒரு சொல் போதும், தான் எழுதிக் கொடுத்ததைப் பதற்றத்தில் எழுதியது என்று சொல்லிவிடலாம். அன்ரனெற்றின் விரல்கள் நினைவுக்கு வந்தன.

றெபேக்கா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். பவுசரின் பக்கக் கமரா எடுத்த படம். இராஜரட்ணம் கோனைத் தாண்டி வருகிறார். பேசுகிறார். போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாக்கஸ் தொப்பியைக் கழற்றுகிறார்.

"ஃபெயின்ற் பண்ணின ஆள் டோரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், அங்கிள்."

மாக்கஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றெபேக்காவுக்கு வரவில்லை.

"அவர் விழேல்லை, பிள்ளை," என்றார் மாக்கஸ். "நான் எழுதினதுதான் சரி."

"ஐ நோ. நீங்கள் எழுதினது மட்டும் இருந்திருந்தால் திரும்ப ஒருக்கா ட்ரெயினிங் குடுத்து எடுப்பம் எண்டு கேட்டிருப்பன். இமெயில்கூட எழுதி வைச்சனான். இப்ப ரெண்டு ஸ்ரோரி. இன்சூரன்ஸ்காரர் ரெண்டையும் பாத்திட்டினம். எழுதிக் குடுத்த பிறகு பயந்து நீங்கள்தான் அவரைச் சொல்ல வைச்சதெண்டு நினைக்கினம்."

"நான் அவரோடை கதைக்கவே இல்லையே."

"அதையும் சொன்னனான். உங்களை இனிக் கவர் பண்ண மாட்டினமாம். கவர் இல்லாத ஆளிட்டை நான் கீ குடுக்கேலாது, அங்கிள்."

மாக்கஸ் திரையைப் பார்த்தார். படம் இன்னும் ஓடியது. வெள்ளை வான் உள்ளே வந்தது.

"சட்டத்திலை பிழையில்லை, பிள்ளை," என்றார். "அந்தப் பிள்ளையள் ரெண்டும் பின்னாலை ஃபோனைப் பாத்துக்கொண்டு இருந்ததுகள். ஒண்டும் தெரியாது அதுகளுக்கு."

றெபேக்கா திரையைத் திருப்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சியது மாக்கஸுக்குக் கேட்டது. கேட்காதது போல எழுந்து, சாவியையும் கொம்பனி ஜக்கெற்றையும் மேசையில் வைத்தார்.

ஒரு கிழமை கழித்து பஸ்ஸில் மாக்கம் வீதிக்குப் போனார். நான்கு பம்புகளின் கைபிடிகளிலும் கறுப்புப் பை கட்டியிருந்தது. பொய்த் தகவல் கொடுத்த கடைக்கு இனி எரிபொருள் இறக்குவதில்லை என்று கொம்பனி எழுதிவிட்டது. உள்ளே சூடாக்கும் பெட்டி அணைந்து கிடந்தது. கடையில் இராஜரட்ணத்தைத் தவிர யாரும் இல்லை. பெற்றோல் இல்லாத இடத்தில் பாலுக்காக யாரும் காரைத் திருப்புவதில்லை.

"உமக்கு உதவி எண்டு நினைச்சுத்தான் சொன்னனான்," என்றார் இராஜரட்ணம்.

"என்னைக் கேட்டிட்டுச் சொல்லியிருக்கலாம் அண்ணை."

"கேட்டால் நீர் வேண்டாம் எண்டிருப்பீர்."

இராஜரட்ணம் பின்னால் போய்க் கேத்திலை வைத்தார். தேத்தண்ணி கொண்டுவந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையைக் காலால் நகர்த்திவிட்டார்.

"இப்ப இருந்து குடிக்கலாம்தானே," என்றார்.

மாக்கஸ் இருந்தார். இத்தனை வருடத்தில் அந்தக் கடையில் முதல்முறை. தேத்தண்ணியில் சீனி அதிகமாக இருந்தது. குடித்தார். படத்தின் முன்னால் அவர் வைத்த பூ காய்ந்து அங்கேயே கிடந்தது. இருவரும் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கார் உள்ளே திரும்பியது, கறுப்புப் பைகளைக் கண்டது, வந்த வழியே போனது.

"கடையை விக்கப்போறீங்களோ?" என்று மாக்கஸ் கேட்டார்.

"பம்பு ஓடாத கடையை ஆர் வாங்குவான்?"

அதன் பிறகு மாக்கஸ் வேறு லொறிக் கொம்பனிகளுக்கு ஏறி இறங்கினார். பால் ஏற்றுகிறவர்கள், பலகை ஏற்றுகிறவர்கள், மண் அள்ளுகிறவர்கள். எல்லோரும் அனுபவத்தைக் கேட்டுவிட்டு மகிழ்ந்தார்கள். பிறகு எல்லோரும் தங்கள் இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டார்கள். பிறகு யாரும் திருப்பிக் கூப்பிடவில்லை. ஏஜென்சி ஒன்று மட்டும் ஸ்காபரோவில் பண்டசாலை வேலை கொடுத்தது. பெட்டிகளில் ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டும். மருந்து இன்சூரன்ஸ் இல்லை. மருந்துச் செலவுக்கு அரசாங்க உதவி கேட்டுக் கரோலின் கல்கரியிலிருந்தே இணையத்தில் விண்ணப்பம் போட்டாள். போன வருட வருமானத்தை வைத்துத்தான் பார்ப்பார்களாம். போன வருடம் மாக்கஸ் நன்றாக உழைத்திருந்தார்.

"ஊசி போடாமல் எத்தினையோ வருசம் இருந்தனான்தானே," என்றார் அன்ரனெற்.

"அப்ப கை இப்பிடி மடங்கேல்லை," என்றார் மாக்கஸ்.

"மடங்கின கையை இனி ஆர் பாக்கப்போகினம்? கீபோட் வாசிக்கவோ போறன்?"

வேலைக்குப் போகுமுன் மாக்கஸ் அன்ரனெற்றின் கோட்டு ஸிப்பை மேலே இழுத்துவிட்டார், பிறகு தன்னுடையதைப் பூட்டினார்.

1203 எழுதிய மாக்கஸின் பவுசரை வருகிற திங்கட்கிழமை முதல் கிருபன் என்ற புதுச் சாரதி ஓட்டுகிறான். அவனுடைய வழியில் மாக்கம் வீதிக் கடை இல்லை. கொம்பனி இன்சூரன்ஸ் இந்த மாத முடிவோடு நிற்கிறது. ஃபிரிஜ்ஜில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில், கடைசி ஊசி இருக்கிறது. அதை வெள்ளிக்கிழமை போடுவார்கள்.