ஒரு சொல் தவறினால்

மச்சானுக்கு அடிபட்ட நாளிலிருந்துதான் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பிரார்த்தனையே பயமாக மாறியது.

இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. வேலையில் இறங்குமுன் இவர் கண்ணை மூடி ஒரு சின்னப் பிரார்த்தனை சொல்வார். அன்று மேற்பார்வையாளர் அவசரப்படுத்த, பாதியில் விட்டுவிட்டார். மதியம் மச்சானின் இரண்டு விரல்கள் கம்பிவடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கிப் போயின.

"சுவிட்ச ஆஃப் பண்ணாம கைய விட்டது நான். இதுல கடவுள எதுக்குப்பா இழுக்குற?" என்று மச்சான் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கேட்டார். இவர் காதில் ஏறவில்லை.

அதன்பின் ஒரு சொல் தடுமாறினாலும் முதலிலிருந்து சொன்னார். மனம் வேறெங்காவது ஓடினால் மறுபடியும். தவறவிட்டால் அடுத்த அடி மகளுக்குத்தான் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. மாலையில் பள்ளிப் பேருந்து தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நிற்பார்.

ஒருநாள் குடியிருப்பு ஒன்றில் ஒரு கர்ப்பிணி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள். திறந்துவிடப் போன இவர் மாடியிலுள்ள இயந்திர அறையில் நின்று பிரார்த்தனையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே அவள் கதவைத் தட்டுவது கேட்டது. தட்டுவது நின்றதும் கேட்டது. அப்போதும் கை சுவிட்சுக்குப் போகவில்லை. வேறொருவர் வந்து திறந்தபோது அவள் மயங்கிக் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். கம்பெனி இவரை மனநல ஆலோசகரிடம் அனுப்பியது.

அந்த ஆலோசகர் நல்ல மனிதர்தான். "கடவுள் விஷயத்த வெளிய வச்சிட்டுப் பேசலாமே," என்றார். இவர் தலையாட்டிவிட்டார். வீடு வந்ததும் அதுவே உறுத்தியது. கடவுளை வெளியே வைக்கச் சம்மதித்துவிட்டோமே, அதற்கு என்ன தண்டனையோ என்று பயந்து மறுநாள் மகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

மனைவி வேறொரு ஆலோசகரைத் தேடிப் பிடித்தாள். அந்த அம்மா எடுத்த எடுப்பிலேயே, "பிரார்த்தனை பண்ணும்போது உங்களுக்கு என்ன நடக்குது?" என்று கேட்டார்.

"தப்பு வந்துச்சான்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

"கடவுள்கிட்ட பேசுறது?"

"அது... பேசி ரொம்ப நாளாச்சும்மா." சொன்னதும் அழுதுவிட்டார்.

"ஒரே ஒரு தடவ சொல்லிட்டு வேலைய ஆரம்பிச்சுப் பாக்கலாமா? தப்பு வந்தா அப்படியே விட்டுடணும்."

"பாவமில்லையா?"

"அதச் சொல்ற எடத்துல நான் இல்ல. உங்க நம்பிக்கையும் எனக்குப் பழக்கமில்ல. யார் சொன்னா நம்புவீங்க?"

இவர் தங்கள் வழிபாட்டை நடத்துகிறவரைச் சொன்னார். அடுத்த முறை அவரையும் அழைத்துவந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கே பாதி நாள் நாக்கு குளறும்யா. அதுக்கெல்லாம் திரும்ப ஆரம்பிச்சா ஜனங்க வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்றார். இவருக்குச் சிரிப்பு வந்தது, பயம் போகவில்லை.

மறுநாள் இயந்திர அறையில் ஒருமுறை சொன்னார். நடுவில் ஒரு சொல் விழுந்துவிட்டது. திரும்ப ஆரம்பிக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினார்.

அன்று மாலை பேருந்து வரவில்லை. தெருமுனையில் நின்றவருக்கு உயிர் உயிராக இல்லை. "இப்ப சொல்லு, இன்னும் நேரமிருக்கு," என்றது அந்தக் குரல். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து மகள் தோழியோடு நடந்து வந்தாள்.

"பஸ் பஞ்சர்ப்பா. நீங்க ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல, வா," என்று பையை வாங்கிக்கொண்டார். பேருந்து பழுதானது தன்னால்தானோ என்ற சந்தேகம் இரவு வரை விடவில்லை. அதை அடுத்த வாரம் அந்த அம்மாவிடம் சொன்னார். அதற்கப்புறமும் பல மாதங்கள் போய்வந்தார். இப்போதும் சில நாள் அந்தக் குரல் கேட்கிறது. கேட்டபடியே வேலையைப் பார்க்கிறார்.