சக்கரம் நின்ற குட்டை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஒரு மேடை எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும். மேலே கண்ணாடிக் குடுவைகள். அவற்றுக்குள் இறாலைக் கொல்லும் பாக்டீரியா, அந்த பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ். சுழன்று, மோதி, மறுபடி சுழன்று. தப்பித்த பாக்டீரியா ஒரு வாரத்தில் தோலை மாற்றிக்கொள்ளும். அடுத்த வாரம் வைரஸ் தன் பிடியை மாற்றிக்கொள்ளும். இந்தச் சண்டைக்கு வேளாவேளைக்குச் சோறு போடுவதுதான் என் வேலை.

கரண்ட் போய் மேடை நின்றால் சண்டையும் நின்றுவிடும். பாக்டீரியா குடுவைச் சுவரில் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு பதுங்கும். வைரஸுக்கு நீந்தத் தெரியாது. தண்ணீர் கொண்டுபோய் விட்டால்தான் போகும். அசையாத நீரில் இரண்டும் அருகருகே, ஒன்றையொன்று தொடாமல், மாறாமல் கிடக்கும். இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

அண்ணன், எங்கள் பக்கத்து ஆரணிக்குக் கிழக்கே, கடலோரமாக உப்பேறிய நெல்வயலை வெட்டி இறால் குட்டையாக்கியவர். ஒரே குட்டை. போன மாசியில் அதில் இறால் சுருண்டு சாக ஆரம்பித்தது. இரண்டு கை நீட்டி என்னிடம்தான் கேட்டார். மூன்று கேன் வைரஸ் கொண்டுபோனேன்.

அண்ணி கேனைத் தொடவில்லை. "வைரஸ் வைரஸ்னு ரெண்டு வருசம் மூக்க மூடிக்கினு இருந்தோம். இவ கேன்ல புடிச்சாந்து ஊத்தச் சொல்றா."

"படிச்ச பொண்ணு சொல்லுது, நீ சும்மா இரு," என்றார் அண்ணன். "இன்னா பாப்பா, எவ்ளோ ஊத்தணும்?"

எனக்கு நாற்பத்தெட்டு வயது. அவருக்கு இன்னும் பாப்பா.

"காலைல ஒரு கேன். மூணு நாள்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாண்ணா."

ஐந்தாம் நாள் போனேன். கரையோரம் வெளுத்த இறால் ஒதுங்கியிருந்தது. அண்ணி கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார், துவைத்த துணியை எடுப்பதுபோல, அவசரமில்லாமல். தண்ணீரை அடித்துக் கலக்கிக் காற்றேற்றும் சக்கரங்கள் நான்கும் அசையாமல் நின்றன.

"ஏண்ணா நிறுத்தன?"

"மருந்து வுட்டா மடைய அடச்சி தண்ணிய நிக்க வெக்கணும்ல. இல்லன்னா அடிச்சினு பூடும். பயிருக்கு அப்டித்தான செய்வோம்? மூணு நாளும் காலைல நிறுத்திட்டு சாயந்தரம் வரிக்கும் கை வெக்கல. இன்னிக்கி எல்லாம் செத்துப் பூட்ச்சே, இனி எதுக்கு ஓடணும்னு வுட்டுட்டேன்."

அந்தக் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சொன்னதற்கு மேல் கவனமாக இருந்தவரின் பெருமை. ஊற்றிய மூலையிலேயே வைரஸ் நின்றிருக்கும். அடிச்சேற்றில் பாக்டீரியா. நடுவில் மூச்சுக்குக் காற்றில்லாத இறால். ஒரு பாட்டிலில் அடிச்சேறு எடுத்துக்கொண்டேன். கை சில்லென்றிருந்தது, அது மட்டும்தான் உறைத்தது.

சேற்றிலிருந்து பாக்டீரியாவை வளர்த்துத் தட்டில் பரப்பி, அதே வைரஸை ஒரு சொட்டு விட்டேன். மறுநாள் காலையில் தட்டில் தெளிவான ஓட்டை. சொட்டு விழுந்த இடத்தில் பாக்டீரியா செத்திருந்தது. அது தோலை மாற்றியிருக்கவே இல்லை. மாற்றவேண்டிய அவசியம் வந்திருக்கவில்லை. சண்டையே நடக்காத இடத்தில் அது பாட்டுக்கு இருந்திருக்கிறது.

அண்ணன் போன் செய்தார்.

"இன்னா பாப்பா, மருந்து தப்பா?"

"மருந்து சரிதாண்ணா."

"அப்ப நான்தான் தப்பா?"

பக்கத்தில் மேடை ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்பதே இல்லை, அன்றைக்குக் கேட்டேன்.

"சக்கரம் ஓடிக்கினே இருக்கணும்னு நான் சொல்லலண்ணா. இங்க மேடை எப்பவும் ஆடிக்கினே இருக்கும்ல, சொல்லணும்னே தோணல."

போனில் அவருக்குப் பின்னால் மோட்டார் ஓடியது. குட்டையை வடிக்கிறார்கள்.

"மூணு கேன்," என்றார். "காலியாத்தான் கீது. வந்து எடுத்துக்கினு போ."

பாப்பா என்று சொல்லவில்லை.

குடுவைகளுக்கு அன்றைய சோற்றைப் போட்டேன்.