முன் சீட்டு நாத்திகர்

இன்று ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில், முன் சீட்டில் என் பக்கத்தில் ஒரு நண்பர். நாத்திகர். டிக்கோயா தாண்டும்வரை எனக்குப் பாடம் எடுத்தார்.

"நாத்திகம் ஒரு நம்பிக்கை இல்லீங்க. நம்பிக்கை இல்லாம இருக்கிறது, அவ்வளவுதான். இதுல சடங்கும் கெடையாது, சாதிசனமும் கெடையாது."

வழக்கம்போல மலைரோட்டு வளைவில் இருக்கும் கோயிலடியில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்து, டிரைவருக்குப் பூசிய கையோடு எங்கள் நெற்றியிலும் திருநீற்றை இழுத்துவிட்டார்.

நண்பர் பதறிப்போய், கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்தேய் என்று தேய்த்தார்.

"ஒங்களுக்கு அது வெறும் சாம்பல்தானேங்க, இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"ஐயோ, எங்க ஆளுங்க பார்த்தா என்னைய தள்ளிவச்சுருவாங்க!"

நம்பிக்கையே இல்லாத இடத்தில் தீட்டு மட்டும் எப்படி வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.