மயிலாப்பூர் தெருவின் பதில்கள் அடையாறுக்குப் போன சனிக்கிழமை

போன சனிக்கிழமை மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று ஒரு சுற்று சுற்றினேன். கோயிலுக்கும் இல்லை, புடவைக்கும் இல்லை. மயிலாப்பூரில் ஒரு சின்ன இணைய நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை எனக்கு. எங்கள் சந்தாதாரர் ஃபரீதா அக்கா தையல்காரர், காலில் மாவுக்கட்டு. அன்று மாலை ஆறு மணிக்கு அவருடைய ஒரே தங்கைக்கு அடையாறில் நிக்காஹ். நேரலையில் பார்க்கக் காத்திருந்தார். காலையிலிருந்து அவர் தெருவில் மட்டும் நெட் இல்லை. அந்தச் சந்துக்குள் மொபைல் சிக்னலும் நுழையாது.

வெளியூர் நண்பரிடம் சொல்லி அந்தத் தெருவுக்கு வழி தேடவைத்தேன். தெருவுக்கு வரவேண்டிய பதில்கள் எல்லாம், நிறுவனங்களின் இணைப்புகள் சந்திக்கும் தி.நகர் இணைப்பகம் வரை வந்து, எங்களிடம் வராமல் அடையாறில் உள்ள இன்னொரு இணைய நிறுவனத்துக்குப் போய் மறைந்தன. அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. நாலு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். ஐந்து கிலோமீட்டர்தான், லஸ்ஸைத் தாண்டவே பாதி நேரம். அவசரமா என்று ஓட்டுநர் கேட்டார். கல்யாணம் என்றேன். "மொதல்லயே சொல்றதில்லயாம்மா?" என்று சந்துகளில் புகுந்துவிட்டார்.

அடையாறு நிறுவனத்தில் நெட்வொர்க் பார்க்கும் ஸ்டெல்லா இருந்தார். ஒவ்வொரு தெருவின் இணைய முகவரி எண்களையும் இணைப்பகத்துக்குத் தனியாகச் சொல்லாமல், "இந்த வரிசை முழுக்க எனக்கு அனுப்பு" என்று அவர்கள் ஒரே வரியில் அறிவிக்கிறார்கள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த வரிசைக்குள் ஒரு துண்டு எப்போதோ எங்களுக்கு வந்துவிட்டது. அதை நாங்கள் தனியாக அறிவிக்கிறோம், சின்ன அறிவிப்புக்கே முன்னுரிமை; அதனால் இத்தனை நாள் சிக்கலில்லை. தி.நகர் இணைப்பகத்தில் இப்போது எங்கள் அறிவிப்பைக் காணோம்.

திரையைப் பார்த்து ஸ்டெல்லா தலையில் கைவைத்தார். "உங்க தெருவுக்கு வர்றத எல்லாம் நான் வாங்கி கீழ போட்டுக்கினு கீறேன். வா, வண்டில ஏறு."

அவர் ஸ்கூட்டரில் நந்தனம் வழியாகப் போனோம். தி.நகர் கூட்டத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பைகளுக்கு நடுவே நடந்தோம். இணைப்பகத்தில் இருந்தவர் காலையில் பட்டியலைச் சுத்தம் செய்தாராம். சின்ன அறிவிப்புகளை வேண்டாதவை என்று நீக்கியிருக்கிறார். கதையைக் கேட்டதும் எங்களுடையதைத் திரும்பச் சேர்த்தார். சில நிமிடங்களில் ஃபரீதா அக்கா வாட்ஸ்அப்பில் அழைத்தார். "வந்துடுச்சும்மா."

ஸ்டெல்லா என்னை ஃபரீதா அக்கா வீட்டிலேயே இறக்கிவிட்டார். ஸ்டெல்லாவையும் உள்ளே வராமல் போக அக்கா விடவில்லை.

இதே மாதிரி அலைய நேர்பவர்களுக்கு: ஒரு தெரு மட்டும் செத்திருந்தால் கேபிளை நோண்டாதீர்கள், திரும்பி வரும் வழியைப் பாருங்கள். பெரிய அறிவிப்புக்குள் உங்கள் சின்னது தொலைந்திருக்கலாம். மூன்று இடத்து ஆட்களும் ஒருவரையொருவர் நேரில் பார்த்துவையுங்கள். சனிக்கிழமை மாலை தி.நகருக்குக் கார் எடுக்காதீர்கள்.

நாங்கள் போனபோது திரையில் மணப்பெண் கேமராவைப் பார்த்து, "அக்கா, தெரியுதா?" என்று கேட்டார். நேரலையில் இங்கிருந்து பேசினால் அங்கே கேட்காது. ஃபரீதா அக்கா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"தெரியுதுடி. நிமிந்து உக்காரு."